மலிவு டேப்லெட்டில் தனியுரிமை லினக்ஸ்: முடிவதும் முடியாததும்

2023 ஜனவரி 10-ஆம் தேதியோடு விண்டோஸ் 8.1-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. இந்த இரண்டையும் நம்பி விற்கப்பட்ட சின்னச் சின்ன டேப்லெட்டுகள் இப்போது வீட்டு அலமாரிகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடக்கின்றன. பலவற்றில் திரை நன்றாக இருக்கிறது, பேட்டரியும் ஓரளவு தாங்குகிறது. இதில் டெயில்ஸ் போன்ற தனியுரிமை லினக்ஸைப் போட்டு, யாரும் பின்தொடர முடியாத ஒரு கருவியாக்கிக் கொள்ளலாமே என்ற யோசனை இயல்பாக எழும்.

யோசனை நல்லதுதான். ஆனால் தனியுரிமைக்காகச் செய்யப்பட்ட லினக்ஸ்களில் பலவும் வன்பொருள் சொன்னபடி கேட்கும் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்டவை. மலிவு டேப்லெட்டோ சின்னச் சின்ன ஒட்டுவேலைகள் இல்லாமல் ஓடாது. இந்த இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை வன்பொருள், மென்பொருள், பயன்பாடு என மூன்று பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த லினக்ஸ்?

தனியுரிமையை முன்னிறுத்தும் லினக்ஸ்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. டெயில்ஸ் 2009-இல் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓடும்; கணினியின் உள்சேமிப்பைத் தொடாது. இணையப் போக்குவரத்து முழுவதையும் டோர் வழியாகவே அனுப்பும். டோர் வலையில் ஒவ்வொரு இணைப்பும் மூன்று இடைநிலையங்களைத் தாண்டிப் போகிறது. முதல் நிலையத்துக்கு நீங்கள் யாரென்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசி நிலையத்துக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. வேலை முடிந்து அணைக்கும்போது டெயில்ஸ் ரேமையும் துடைத்துவிடும். 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் கொடுத்த ஆவணங்களைக் கையாண்ட செய்தியாளர்கள் இதைப் பயன்படுத்தியது தெரியவந்த பிறகுதான் பெயர் வெளியுலகில் பரவியது. 2024 செப்டம்பரில் டெயில்ஸ் திட்டம் டோர் திட்டத்தோடு இணைந்தது.

ஹூனிக்ஸ் வேறு வழியில் போகிறது. ஒரு மெய்நிகர் எந்திரம் டோர் வாசலாக நிற்கும். இன்னொன்றில் நீங்கள் வேலை செய்வீர்கள். வேலை செய்யும் எந்திரத்துக்குள் யாராவது புகுந்தாலும் உங்கள் உண்மையான ஐபி முகவரி அங்கே இருக்காது. கியூப்ஸ் ஓஎஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு வேலையையும் தனித்தனி மெய்நிகர் எந்திரத்தில் அடைத்து வைக்கிறது. குறைந்தது 6 ஜிபி ரேமும், மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் வசதிகளும் கேட்கிறது. 16 ஜிபி இருந்தால் நல்லது என்கிறது. மலிவு டேப்லெட்டுக்கு ஹூனிக்ஸும் கியூப்ஸும் எட்டாது. மிஞ்சுவது டெயில்ஸும், முழுச் சேமிப்பையும் குறியாக்கம் செய்த சாதாரண டெபியனும், ஆர்ம் சிப் கருவிகளுக்கென்று இருக்கும் சில லினக்ஸ்களும்.

இன்டெல் அள்ளிக் கொடுத்த காலம்

டெயில்ஸ் எக்ஸ்86 வகை 64-பிட் சிப்பில் மட்டுமே ஓடும். 32-பிட் சிப்புகளை 2017-இல் வந்த 3.0 பதிப்போடு கைவிட்டது. ஆர்ம் சிப்புகளுக்கு வெளியீடு கிடையாது. ஆகவே ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே கழிந்துவிடுகிறது. கையில் இருப்பது இன்டெல் சிப் உள்ள, விண்டோஸோடு வந்த டேப்லெட்டாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட டேப்லெட்டுகள் திடீரென்று மலிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கைபேசி, டேப்லெட் சந்தையை ஆர்ம் சிப்புகளிடம் இழந்துகொண்டிருந்த இன்டெல், 2014-இல் நான்கு கோடி டேப்லெட்டுகளில் தன் சிப் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தயாரிப்பாளர்களுக்கு மானியம் கொடுத்தது. அந்த ஆண்டு அதன் மொபைல் பிரிவுக்கு 400 கோடி டாலருக்கு மேல் நட்டம். மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு 9 அங்குலத்துக்குக் குறைவான திரை கொண்ட கருவிகளுக்கு விண்டோஸை இலவசமாக்கியது. 99 டாலருக்கு வந்த எச்பி ஸ்ட்ரீம் 7, அதற்கு முந்தைய ஆண்டு வந்த டெல் வென்யூ 8 புரோ, சீனத் தயாரிப்பான சூவி, டெக்லாஸ்ட் போன்றவை எல்லாம் இந்த அலையில் வந்தவை. 2016-இல் இன்டெல் இந்தச் சிறு சிப் திட்டங்களைக் கைவிட்டதும் அலை ஓய்ந்தது. டேப்லெட்டுகள் மட்டும் தங்கிவிட்டன.

இந்தத் தலைமுறையில் ஒரு விநோதம் உண்டு. சிப் 64-பிட், அதை எழுப்பும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோ 32-பிட். ரேமும் சேமிப்பும் குறைவு என்பதால் தயாரிப்பாளர்கள் 32-பிட் விண்டோஸைப் போட்டார்கள். விண்டோஸும் ஃபர்ம்வேரும் ஒரே பிட் அளவில் இருந்தாக வேண்டும் என்பதால் ஃபர்ம்வேரும் அப்படியே அமைந்துவிட்டது. விளைவு, 64-பிட் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் டேப்லெட் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 2014-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 3.15, 32-பிட் ஃபர்ம்வேரிலிருந்து 64-பிட் கெர்னலை எழுப்பும் வழியைத் திறந்தது. 2015-இல் வந்த டெபியன் 8 அதை நிறுவியிலேயே சேர்த்தது. இன்றும் இந்த டேப்லெட்டில் எந்த லினக்ஸைப் போடுவதற்கு முன்பும் பென்டிரைவின் இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற உட்கோப்புறையில் ‘பூட்ஐஏ32’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லையென்றால் எத்தனை முறை முயன்றாலும் திரையில் விண்டோஸ்தான் வரும்.

பென்டிரைவ் செருகியபின்

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். டேப்லெட்டில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோ யுஎஸ்பி துளை. சார்ஜும் அதில்தான், தரவும் அதில்தான். ஓடிஜி கேபிள் போட்டு, அதில் ஒரு ஹப் மாட்டி, ஹப்பில் பென்டிரைவையும் விசைப்பலகையையும் செருக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் இப்படி மாட்டியிருக்கும்போது சார்ஜ் ஏறாது. பேட்டரியில் இருப்பதுதான் கணக்கு. ஒலியளவுப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் சிலவற்றில் பூட் மெனு வரும். சிலவற்றில் விண்டோஸுக்குள் போய் ‘மேம்பட்ட தொடக்கம்’ வழியாகத்தான் வர முடியும். டெயில்ஸ் 2020 ஏப்ரலில் வந்த 4.5 பதிப்பிலிருந்து செக்யூர் பூட்டை ஏற்கிறது. ஆனாலும் பழைய ஃபர்ம்வேரில் அதை அணைத்துவிடுவது தலைவலியைக் குறைக்கும்.

எழுந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திரை பக்கவாட்டில் திரும்பி நிற்கலாம். உள்ளே இருக்கும் திரைத் தகடு செங்குத்தாகப் பொருத்தப்பட்டது என்பதுதான் காரணம். தொடுதிரை வேலை செய்யாமல் போகலாம். மலிவு டேப்லெட்டுகள் பலவற்றில் இருக்கும் சிலியெட் தொடுதிரைச் சிப்புக்கு ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர் கோப்பு தேவை. அதை விண்டோஸ் டிரைவரிலிருந்தோ ஆண்ட்ராய்டு கோப்புகளிலிருந்தோ பிரித்தெடுத்து வைக்க வேண்டியிருக்கும். அப்போது ரெட் ஹேட்டில் இருந்த ஹான்ஸ் டி கோட பல ஆண்டுகள் உட்கார்ந்து, எந்த மாடலுக்கு எந்த அமைப்பு என்ற பட்டியலைக் கெர்னலில் சேர்த்தார். பின்னர், டேப்லெட்டின் யுஇஎஃப்ஐ-க்குள்ளேயே புதைந்திருக்கும் கோப்பைத் தோண்டியெடுக்கும் வசதியும் வந்தது. பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால் விரல் வேலை செய்யும். இல்லாவிட்டால் மவுஸைத் தேட வேண்டியதுதான்.

வைஃபையும் அப்படியே. இந்தத் தலைமுறையில் பரவலாக இருந்த ரியல்டெக் 8723பிஎஸ் சிப்புக்கான டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 2017-இல், 4.12 பதிப்பில். அதாவது டேப்லெட் கடைக்கு வந்து மூன்றாண்டு கழித்து. கேமராவின் கதை இன்னும் மோசம். அதற்கான டிரைவர் 4.12-இல் உள்ளே வந்தது, 4.18-இல் தூக்கி எறியப்பட்டது, 5.8-இல் திரும்ப வந்தது. தனியுரிமையை நாடுகிறவருக்குக் கேமரா ஓடாமல் போவது குறையல்ல என்பது வேறு விஷயம்.

இங்கேதான் டெயில்ஸுக்கும் மலிவு டேப்லெட்டுக்கும் இடையிலான உண்மையான மோதல் தெரிகிறது. இந்தத் தலைமுறையின் பே டிரெய்ல் வகை இன்டெல் ஆட்டம் சிப்புகளில், சிப் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும்போது கணினி உறைந்துபோகும் கோளாறு நெடுங்காலம் இருந்தது. பூட் ஆகும்போது கெர்னலுக்கு ஒரு வரி ஆணை கொடுத்து அந்த உறக்கத்தைத் தடுப்பார்கள். சாதாரண டெபியனில் இதை ஒருமுறை எழுதி வைத்தால் போதும். டெயில்ஸுக்கு மறதிதான் பலம். அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த தொடுதிரைக் கோப்பையும், கெர்னல் ஆணையையும் சேர்த்தே மறந்துவிடும். நிலைச் சேமிப்பு என்று குறியாக்கம் செய்யப்பட்ட பகுதி ஒன்று டெயில்ஸில் உண்டு. ஆவணங்கள், வைஃபை கடவுச்சொல், கூடுதல் மென்பொருள் ஆகியவற்றை அது காக்கும். ஆனால் கெர்னல் எழும் கட்டத்துக்குத் தேவையானவை அதற்குள் அடங்காது. பென்டிரைவின் கோப்புகளையே திருத்தி வைக்கலாம் என்றால், அடுத்த மேம்படுத்தல் அதை அழித்துவிடும். திருத்திய டெயில்ஸ் மற்றவர்களின் டெயில்ஸைப் போலவும் இருக்காது. எல்லோரையும் போல இருப்பதுதான் டெயில்ஸ் தரும் பாதுகாப்பில் பாதி.

இன்னும் இரண்டு இடங்களில் இதே முட்டல் வருகிறது. டெயில்ஸ் ஒவ்வொரு முறையும் வைஃபை சிப்பின் மேக் முகவரியை மாற்றிக் காட்டும். டிரைவர் அதற்கு ஒத்துழைக்கவில்லை என்றால் அந்த வைஃபையையே முடக்கிவிடும். பாதுகாப்புக் கோணத்தில் சரியான முடிவுதான்; பயனருக்கோ ‘வைஃபை ஓடவில்லை’ என்று மட்டுமே தெரியும். அடுத்தது, பென்டிரைவை உருவினால் டெயில்ஸ் உடனே அணைந்துவிடும். யாராவது திடீரென்று கதவைத் தட்டினால் உருவிவிட்டுப் போகலாம் என்பதற்கான ஏற்பாடு இது. தளர்ந்துபோன மைக்ரோ யுஎஸ்பி துளையில், ஓடிஜி கேபிள் தொங்க, மடியில் வைத்து எழுதிக்கொண்டிருப்பவருக்கு இதே ஏற்பாடு பாதி எழுதிய கட்டுரையைக் காவு வாங்கும்.

ரேம் என்ற சுவர்

இதையெல்லாம் தாண்டினாலும் ரேம் குறுக்கே நிற்கிறது. டெயில்ஸ் உள்சேமிப்பைத் தொடாது என்றால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும், இறக்கும் ஒவ்வொரு கோப்பும் ரேமில்தான் உட்காரும். 2025 செப்டம்பரில் டெபியன் 13-ஐ அடிப்படையாகக் கொண்டு வந்த டெயில்ஸ் 7.0, தேவையான ரேமை 2 ஜிபியிலிருந்து 3 ஜிபியாக உயர்த்தியது. மலிவு அலையில் மிக அதிகமாக விற்ற ஆட்டம் இசட்3735எஃப் சிப்பால் 2 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளவே முடியாது. ரேம் பலகையில் பற்றவைக்கப்பட்டது, கூட்டவும் முடியாது. எச்பி ஸ்ட்ரீம் 7-இல் இருந்தது வெறும் 1 ஜிபி.

2 ஜிபி டேப்லெட்டில் டெயில்ஸ் எழுந்து வந்தாலும் டோர் உலாவியில் நாலைந்து தாவல்கள் திறந்ததும் மூச்சு முட்டும். ஆகவே 2013, 2014 காலத்து முதல் தலைமுறை டேப்லெட்டுகளை டெயில்ஸுக்கு என்று காசு கொடுத்து வாங்குவதில் இனி பொருளில்லை. அடுத்து வந்த செர்ரி டிரெய்ல் தலைமுறையில் 4 ஜிபி ரேம் கொண்ட சூவி ஹை10 போன்றவை உண்டு. அதற்கும் பின்னால் வந்த செலரான், பென்டியம் சிப் டேப்லெட்டுகளில் 64-பிட் ஃபர்ம்வேரும் 4 முதல் 8 ஜிபி வரை ரேமும் இருக்கின்றன. 2018-இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ இந்த ரகம். வாசல் இங்கேதான் திறக்கிறது.

ஆர்ம் பக்கம்

சந்தையில் உண்மையிலேயே மலிவானவை ஆர்ம் சிப் கொண்ட ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள்தான். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தானே, சாதாரண லினக்ஸை ஏன் போட முடியாது என்று கேட்கத் தோன்றும். இன்டெல் கணினியில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதை ஃபர்ம்வேரே இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். ஆர்ம் டேப்லெட்டில் அந்த விவரத்தை ‘டிவைஸ் ட்ரீ’ என்ற கோப்பாக ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது எழுதித் தர வேண்டும். சிப் நிறுவனம் கொடுப்பது பெரும்பாலும் தானே திருத்திய, பழைய கெர்னல். விற்றபின் அதை யாரும் சீந்துவதில்லை. போதாக்குறைக்குப் பூட்லோடர் பூட்டியிருக்கும்.

அப்படிக் கைவிடப்பட்ட கெர்னல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2016-இல் ஒரு சான்று கிடைத்தது. மலிவு டேப்லெட்டுகளில் நிறைந்திருந்த ஆல்வின்னர் சிப்புகளுக்கான 3.4 கெர்னலில், ஒரு குறிப்பிட்ட கோப்பில் ‘ரூட்மைடிவைஸ்’ என்று எழுதினால் போதும், எந்தச் செயலிக்கும் முழு அதிகாரம் கிடைத்துவிடும் என்பது வெளியானது. சோதனைக்காக வைத்ததை எடுக்க மறந்து, அப்படியே விற்பனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

இந்த நிலைக்கு எதிராக 2017-இல் ஆலிவர் ஸ்மித் தொடங்கியது போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ். தயாரிப்பாளர் கைகழுவிய கருவிக்கும் பத்தாண்டு ஆயுள் கொடுப்பதுதான் அதன் நோக்கம். ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. நெக்சஸ் 7 உள்ளிட்ட பல பழைய டேப்லெட்டுகளில் ஏறும். முழுச் சேமிப்பையும் குறியாக்கம் செய்யலாம். விசைப்பலகை இல்லாத கருவியில், இயங்குதளம் எழுவதற்கு முன்பே கடவுச்சொல்லைத் தட்ட ஒரு திரை விசைப்பலகை வேண்டுமே, அதையும் அவர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள். சாதாரண டெபியனை டேப்லெட்டில் குறியாக்கத்தோடு நிறுவுகிறவர்கள் முதல் நாளே இடறி விழும் இடம் இதுதான்.

லினக்ஸுக்கென்றே செய்த டேப்லெட்டுகளும் உண்டு. பைன்64 நிறுவனம் 2020-இல் 100 டாலருக்குப் பைன்டேப்பையும், 2023-இல் 159 டாலர் தொடக்க விலையில் பைன்டேப் 2-ஐயும் கொண்டுவந்தது. பைன்டேப் 2 வெளிவந்தபோது அதிலிருந்த வைஃபை சிப்புக்கே ஓடும் டிரைவர் இல்லை. வாங்கியவர்கள் யுஎஸ்பி வைஃபை செருகிக்கொண்டார்கள். இவை திறந்த கருவிகள், பழகிப் பார்க்க நல்லவை. ஆனால் டெயில்ஸ் தருவதைப் போல ஆளை மறைக்கும் ஏற்பாடு எதுவும் இவற்றோடு தானாக வருவதில்லை. விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பிலிருந்து விலகி நிற்கலாம்; அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

இயங்குதளம் தொடாத அடித்தளம்

மலிவு வன்பொருளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு இனிய பதில் கிடையாது. 2016-இல் ஆடப்ஸ் என்ற சீன நிறுவனத்தின் மேம்படுத்தல் மென்பொருள், அமெரிக்காவில் விற்ற மலிவுக் கைபேசிகளிலிருந்து குறுஞ்செய்திகளைச் சீனாவிலுள்ள சர்வர்களுக்கு அனுப்பியதைக் கிரிப்டோவயர் நிறுவனம் கண்டுபிடித்தது. 2023-இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் ஆராய்ந்த குழந்தைகளுக்கான மலிவு டேப்லெட் ஒன்றிலும் ஆடப்ஸ் இருந்தது; தீநிரலின் சுவடுகளும் இருந்தன. இவை ஆண்ட்ராய்டு மட்டத்தில் இருந்தவை என்பதால், இயங்குதளத்தை அடியோடு மாற்றினால் போய்விடும். அந்த அளவில் லினக்ஸ் உண்மையான தீர்வு.

அதற்கும் அடியில் இருப்பது போகாது. இன்டெல் ஆட்டம் டேப்லெட்டுகளில் டிஎக்ஸ்இ என்ற தனிச் சிறு செயலி உண்டு. இயங்குதளத்துக்கு அது கட்டுப்பட்டதல்ல. யுஇஎஃப்ஐ-யில் ஓட்டை இருந்தால், பத்தாண்டு முன்பு விற்ற டேப்லெட்டுக்கு யாரும் திருத்தம் அனுப்பப் போவதில்லை. டெயில்ஸ் குழுவே தன் ஆவணங்களில், ஃபர்ம்வேர் கெட்டிருந்தால் தன்னால் காக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பலர் கை மாறி வந்த டேப்லெட்டில் இந்தச் சந்தேகம் கூடுதல்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் பழக்கம் காட்டிக்கொடுக்கும். டோர் உலாவி 9.0 பதிப்பிலிருந்து பக்கத்தைச் சுற்றி வெற்று ஓரம் விட்டு, திரை அளவை வைத்து ஆளை அடையாளம் காண்பதைத் தடுக்கிறது. சின்னத் திரையில் இடம் வீணாகிறதே என்று அதை அணைத்தால் கூட்டத்தில் தனித்துத் தெரிவீர்கள். டெயில்ஸுக்குள் போய் அதே பழைய மின்னஞ்சல் கணக்கில் நுழைந்தால் மூன்று இடைநிலையங்களும் வீண். மென்பொருளும் பழையதாக இருக்கக் கூடாது. டெயில்ஸின் வீடியோ பிளேயரில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு குற்றவாளியின் உண்மையான ஐபி முகவரியை எஃப்பிஐ பிடித்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவியைச் செய்ய ஃபேஸ்புக் பணம் கொடுத்தது என்பது 2020-இல் வெளிவந்தது. டெயில்ஸ் உடைக்க முடியாத கோட்டையல்ல. உடைக்கும் செலவை உயர்த்துகிறது.

என்ன செய்யலாம்?

யாரிடமிருந்து மறைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். விளம்பர நிறுவனங்களும் முன்பே ஏற்றிவந்த செயலிகளும்தான் தொல்லை என்றால், வீட்டில் கிடக்கும் 2 ஜிபி இன்டெல் டேப்லெட்டே போதும். டெபியனை 32-பிட் ஃபர்ம்வேருக்கு உரிய நிறுவியால் ஏற்றி, சேமிப்பைக் குறியாக்கம் செய்து, கனமில்லாத ஒரு டெஸ்க்டாப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுவேலைகள் ஒருமுறை செய்தால் நிற்கும். தமிழ்99 விசையமைப்பும் அதிலேயே இருக்கிறது. தேவைப்படும்போது டோர் உலாவி. பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டாக இருந்தால் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் பட்டியலில் அந்த மாடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

செய்தியாளர், வழக்கறிஞர், முறைகேட்டை அம்பலப்படுத்துகிறவர் என்று உண்மையான ஆபத்தில் இருப்பவர் மலிவு டேப்லெட்டை நம்பி இறங்க வேண்டாம். அவருக்குத் தேவை 4 ஜிபிக்குக் குறையாத ரேமும் 64-பிட் ஃபர்ம்வேரும் கொண்டு, டெயில்ஸ் பென்டிரைவைச் செருகியதும் வைஃபையும் திரையும் தானாக ஓடும் கருவி. அந்தப் பணத்துக்குப் பழைய அலுவலக லேப்டாப் ஒன்று கிடைக்கும்; விசைப்பலகையும் உறுதியான யுஎஸ்பி துளைகளும் அதிலேயே இருக்கும். டேப்லெட்தான் வேண்டும் என்றால் சர்ஃபேஸ் கோ ரகத்தில் தேடலாம். எதை வாங்குவதாக இருந்தாலும், டெயில்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய், செருகி எழுப்பி, வைஃபை இணைகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் அதற்கு அனுமதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.